கட்டிக்குள் யார் யார்?

*ஒரு கட்டியின் மரபணுக்களை வைத்து சினைப்பைப் புற்றுநோயாளியின் ஆயுளைச் சொல்ல முடியுமாமே?*
(வாசகர், கும்பகோணம்)

கூட்டத்துக்குச் சொல்லலாம், ஆளுக்குச் சொல்ல முடியாது. முதலில் கட்டிக்குள் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்களைப் பார்ப்போம். 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கூக்கோஸ் குழுவினர் முற்றிய நிலையில் எடுத்த 186 கட்டிகளுக்குள் டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் இருக்கின்றனவா என்று தேடினார்கள். இருந்தவர்களில் 38 சதவீதம் பேர் ஐந்து வருடம் தாண்டினார்கள், இல்லாதவர்களில் 4.5 சதவீதம்தான். அன்றைக்குப் பிடித்த சூடு இன்னும் தணியவில்லை.

*டி-செல்லை எண்ணினால் போதாதா? மரபணு எதற்கு?*
(பயோடெக் மாணவி, கோவை)

வந்தவர்களை எண்ணினால் போதுமா, யார் கூப்பிட்டார்கள் என்று தெரிய வேண்டாமா? சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 மரபணுக்கள் தரும் புரதங்கள் டி-செல்களை உள்ளே அழைக்கின்றன. சிசிஎல்22-வும் அழைக்கிறது, ஆனால் வேறு ஆட்களை: சண்டைக்கு வந்தவர்களை அடக்கி உட்கார வைக்கும் டி-செல்களை. அழைப்பிதழிலும் அரசியல்!

2011-ல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 489 சினைப்பைக் கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து நாலு வகையாகப் பிரித்தது. ஒன்றுக்கு ‘நோயெதிர்ப்பு வகை’ என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆய்வில் நாலு வகைக்கும் ஆயுளில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

*ஆனாலும் ஆயுளைச் சொல்லும் ‘ஏழு மரபணு’, ‘ஒன்பது மரபணு’ பட்டியல்கள் என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றனவே?*
(அதே மாணவி, விடுவதாக இல்லை)

பெரும்பாலும் எல்லோரும் அலசுவது அதே பொதுத் தரவுகளைத்தான். பட்டியல்கள்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒரே ஜாதகத்துக்கு ஊருக்கு ஊர் பலன் மாறுகிற மாதிரி. வேறு ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் பலித்து, சிகிச்சையையும் மாற்றினால் அந்தப் பட்டியலை மதிக்கலாம். மற்றவை பட்டம் வாங்க உதவும்.

*டி-செல் இவ்வளவு முக்கியம் என்றால் இம்யூனோதெரபி ஜெயித்திருக்க வேண்டுமே?*
(வாசகர், நாகர்கோவில்)

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாபைத் தனியாகக் கொடுத்தபோது நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அதே வகை மருந்தான அவெலுமாபின் பெரிய சோதனைகளும் கைவிட்டன. பெம்ப்ரோலிசுமாபைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது சிலருக்குப் பலன் தெரிந்த செய்தி 2025-ல்தான் வந்தது.

*அம்மாவுக்கு இந்த நோய். டாக்டரிடம் எந்த மரபணுவைப் பற்றிக் கேட்கட்டும்?*
(வாசகி, திண்டுக்கல்)

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. நோயெதிர்ப்புப் பட்டியல்களை ஆராய்ச்சியாளர்களிடம் விட்டுவிடுங்கள். இந்த இரண்டில் பழுது இருந்தால் ஒலாபரிப் போன்ற மாத்திரைகளுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. பிறவியிலேயே வந்த பழுது என்றால் உங்களுக்கும் உங்கள் சகோதர சகோதரிகளுக்கும் அந்தப் பழுது வர ஐம்பது சதவீத வாய்ப்பு. அம்மாவின் ரிப்போர்ட் வந்ததும் நீங்களும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.