செல்லும் காசு

என்னிடம் ஒரு ரூபாய்க் காசுகள் 312 இருக்கின்றன. இன்றைய மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்குக் கணக்குப் போடாமலே பதில் சொல்வேன்: 312 ரூபாய்.

'காசு சேர்க்கிறேன்' என்றதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். கரூர் அமராவதி மணலில் கிடைத்த ரோமானியக் காசு, ராஜராஜன் காசு, ஆற்காட்டு நவாப் காசு என்று அவர் மனசு ஓட ஆரம்பிக்கும். நான் சட்டைப் பையிலிருந்து 1998ஆம் வருஷத்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டுவேன். வந்த மரியாதை வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

"இது என்கிட்டயும் இருக்கே!"

அதுதான் விஷயமே. எல்லோரிடமும் இருக்கிறது. ஒருவரும் பார்த்ததில்லை.

நானும் பார்த்தவனில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், கண்டக்டர் மீதி இரண்டு ரூபாய் என்று ஒரு காசைக் கையில் வைத்தார். பார்த்தால் பழைய ஒரு ரூபாய்.

"இது ஒண்ணுங்க."

"ரெண்டுதான் சார். சைஸைப் பாருங்க."

அவர் மேலும் தப்பில்லை. 1992 முதல் 2004 வரை வந்த ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. 2011இல் புதிய ரூபாய்க் குறியோடு வந்த இரண்டு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டு நின்றால், முதுகைப் பார்த்துக் கூப்பிடுகிறவர் பாவம் என்ன செய்வார்? காசில் எழுதியிருப்பதைக் காட்டி வாதாடலாம் என்று கண்ணருகே கொண்டுபோனேன். வருஷத்துக்குக் கீழே ஒரு குட்டி நட்சத்திரம் இருந்தது. இத்தனை வருஷம் காசைச் செலவழித்த எனக்கு அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. நிமிர்ந்து பார்த்தபோது என் நிறுத்தம் இரண்டு தாண்டியிருந்தது. அந்த ஒரு ரூபாய் நஷ்டத்தை வாதாடாமல் ஏற்றுக்கொண்டு இறங்கி நடந்தேன்.

விசாரித்ததில், அது பிறந்த ஊரின் மச்சம் என்று தெரிந்தது. நம் நாட்டில் காசு அடிக்கும் சாலைகள் நாலு. ஹைதராபாத் காசுக்கு நட்சத்திரம். மும்பைக்கு வைரம், சீட்டுக்கட்டில் இருக்கும் டைமன் மாதிரி. 1988இல் தொடங்கிய நொய்டா நாலு பேரில் இளையது. வருஷத்துக்குக் கீழே ஒரு பொட்டு வைத்துக்கொள்ளும். கொல்கத்தாவுக்கு ஒன்றும் கிடையாது. பழைய மிராசுதார் விசிட்டிங் கார்டு வைத்துக்கொள்ள மாட்டார் பாருங்கள், நம்மைத் தெரியாதவன் யார் என்ற நினைப்பில், அந்த மாதிரி. சென்னையில் தங்கசாலை என்று ஒரு தெருவே இருக்கிறது, சாலைதான் இல்லை. கம்பெனிக் காலத்தில் அங்கே காசு அடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதை மூடிவிட்டு, பேரை மட்டும் நமக்கு விட்டுவிட்டார்கள்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன். 1992 முதல் 2004 வரை பதின்மூன்று வருஷம், நாலு ஊர், 52 கட்டம். அதோடு என் மானம் மரியாதை முடிந்தது. டீக்கடையில் மீதிச் சில்லறையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதைக் கண்டு கடைக்காரர், "சார், நான் குடும்பஸ்தன், கள்ளக்காசெல்லாம் கொடுக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். கோயிலில் அர்ச்சனைக்கு நின்றபோது, "பேர், நட்சத்திரம்?" என்று அர்ச்சகர் கேட்டார். தட்டில் கிடந்த காசையே பார்த்துக்கொண்டிருந்த நான், "ஹைதராபாத்" என்றேன். அவரும் வேகமாகச் சொல்லி முடித்துவிட்டார். அன்று அம்பாள் யாரை ஆசீர்வதித்தாளோ!

இந்தப் பைத்தியம் பிடித்த பிறகுதான் நம் ஊரில் எது செல்லும், எது செல்லாது என்பதும் கொஞ்சம் விளங்கியது. நாலணாவையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் 2011 ஜூன் 30உடன் சட்டப்படி செல்லாக்காசாக்கிவிட்டார்கள். காண்டாமிருகம் போட்ட அழகான காசு அது. அசல் காண்டாமிருகத்துக்குச் சரணாலயமாவது இருக்கிறது. இது என் பிஸ்கட் டப்பாவை நம்பி உயிர் வாழ்கிறது. எட்டணா இன்றும் செல்லும். 2011ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி ஒரே கொடுக்கல் வாங்கலில் பத்து ரூபாய் வரைக்கும் எட்டணாவாகவே எண்ணிக் கொடுக்கலாம். கொடுத்துப் பாருங்கள். பிச்சைக்காரரே நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேலே எட்டணா போட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

பத்து ரூபாய்க் காசின் கதை இன்னும் மோசம். பதினான்கு விதமாக வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. "அவங்க சொல்லுவாங்க சார், காய்கறிக்காரர் வாங்க மாட்டேங்கிறாரே" என்றார் எங்கள் மளிகைக்கடைக்காரர். காய்கறிக்காரரைக் கேட்டால் மளிகைக்கடைக்காரர் வாங்குவதில்லை என்கிறார். நோட்டிலாவது கவர்னர் கையெழுத்துப் போட்டு உறுதிமொழி கொடுத்திருக்கிறார். காசில் யாரும் எந்த உறுதியும் தருவதில்லை. இத்தனைக்கும் அதை அடித்து வெளியிடுவது அரசாங்கமே. கால் காசானாலும் கவர்மென்ட் காசு என்று சொன்ன ஊரிலேயே இந்த நிலைமை.

நான் காசு சேர்ப்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததும் போன்கள் வர ஆரம்பித்தன. "வைஷ்ணவதேவி போட்ட அஞ்சு ரூபாய்க்குப் பத்து லட்சம் தர்றாங்களாமே, உங்கிட்ட எத்தனை இருக்கு?" என்பார் பெரியப்பா மகன். அப்படி ஆசை காட்டிக் கமிஷன் பிடுங்குகிற கும்பலை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்ததை எடுத்துச் சொன்னால், "நீ மட்டும் ரகசியமா வித்துக்கலாம்னு பார்க்கிறே" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார். ஒரு ரூபாய்க் காசு ஒரு ரூபாய்க்குத்தான் போகும் என்பதை நம் ஜனங்களை நம்பவைப்பது மாதிரிக் கஷ்டமான வேலை வேறில்லை.

இப்படி இருக்கும்போது மச்சினன் மகள் கல்யாணம் வந்தது. மொய் எழுத ஆள் வேண்டும் என்றார்கள். பந்தி பரிமாறக்கூட எழுந்திருக்காத நான் ஓடிப்போய் மேஜையில் உட்கார்ந்தேன். காரணம் இருக்கிறது. மொய் சுழியில் முடியக் கூடாது என்று 101, 501, 1001 வைக்கிறோம் அல்லவா? அந்த ஒன்று, கவரின் மேலேயே ஒட்டி வருகிறது. ஊர் ஊராக வந்த நூற்றுக்கணக்கான ஒத்த ரூபாய்கள் வரிசையில் நின்று என் கைக்கே வந்தன. யார் ஆயிரம் வைத்தார், யார் நூறு வைத்தார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்க, நான் யார் நொய்டா வைத்தார் என்று பார்த்தேன்.

ஒரு 101 ரூபாய்க் கவரில் கண்ணாடி நின்றது. வருஷத்துக்குக் கீழே வைரமும் இல்லை, பொட்டும் இல்லை. எம்.கே. என்று இரண்டு ஆங்கில எழுத்து. மெதுவாகப் பிய்த்தேன். "மாமா, என்ன பண்றீங்க?" என்றான் மச்சினன். சம்பந்தி வீட்டார் நாலு பேர் திரும்பினார்கள். என் பையிலிருந்து வேறொரு ரூபாயை எடுத்து அதே இடத்தில் ஒட்டிக் காட்டினேன். பிய்த்ததைவிட ஒட்டியதுதான் அவர்களுக்கு அதிகச் சந்தேகத்தைக் கொடுத்தது. அதற்குமேல் என்னை மேஜையில் வைத்திருக்கவில்லை. பாயசம் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள்.

பசையை வெந்நீரில் ஊறவைத்து எடுத்து மாமனாரிடம் காட்டினேன். "எம்.கே.யா? பாகவதருக்குக் காசு போட்டிருக்கானா!" என்று நெகிழ்ந்துபோனார். திருச்சிக்காரர் அல்லவா. அதைவிட அதிசயமான கதை அந்தக் காசுக்கு உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் சில்லறைத் தட்டுப்பாடு. நம் சாலைகள் நாலும் அடித்துத் தீரவில்லை என்று வெளிநாடுகளில் அடித்து வாங்கினார்கள். மாஸ்கோவில் அடித்தார்கள், தென்னாப்பிரிக்காவில் அடித்தார்கள். எம்.கே. போட்டது ஸ்லோவாக்கியா நாட்டில் கிரெம்னிட்சா என்கிற சிற்றூரில் அடித்தது. அந்த ஊர்ச் சாலை 1328இல் தொடங்கியது. இங்கே டெல்லியில் முகமது பின் துக்ளக், வெள்ளிக்குப் பதில் செம்பில் காசு அடித்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். துக்ளக்கின் திட்டம் சில வருஷத்தில் கவிழ்ந்தது. கிரெம்னிட்சாக்காரர்கள் ஆறரை நூற்றாண்டுக்கு மேல் தட்டிக்கொண்டே இருந்து, கடைசியில் நமக்கு ஒரு ரூபாய் அடித்துக் கொடுத்தார்கள். அது கப்பல் ஏறி வந்து, எத்தனையோ கை மாறி, கல்யாண மொய்யில் உட்கார்ந்தது.

அதைச் சாமி மாடத்தில், இன்னும் கட்டத்தில் ஏறாத நாலு காசோடு வைத்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் மாடம் காலி.

"பூக்காரம்மாவுக்கு முப்பது ரூபா. கையில இருபத்தஞ்சுதான் இருந்துச்சு. மாடத்துல கிடந்த ஒத்த ரூபா அஞ்சையும் பொறுக்கிக் கொடுத்தேன்" என்றாள் மனைவி. "ஏங்க, சாமிக்கு முடிஞ்சு வெச்சதா?"

சாமிக்கு முடிந்ததாக இருந்தால்கூட இப்படி ஓடியிருக்க மாட்டேன். பூக்காரம்மா தெருமுனையில்தான் இருந்தார். டால்டா டப்பா நிறையச் சில்லறை.

"அக்கா, ஒத்த ரூபாயெல்லாம் கொஞ்சம் பார்க்கணும்."

"பூ வாங்குங்க சார், மீதி தர்றேன், பாருங்க."

ஒரு முழம் வாங்கினேன். நூறு ரூபாய் கொடுத்து, எழுபதையும் ஒத்த ரூபாயாகக் கேட்டேன். "டப்பாவையே காலி பண்ணிட்டா நாளைக்கு யாவாரம் பண்ண வேணாமா?" என்று இருபதை எண்ணிக் கொடுத்தார். அதில் இல்லை. மறுநாள் இன்னொரு முழம், இன்னொரு இருபது. அதிலும் இல்லை. தினம் ஆபீஸ் விட்டதும் பூக்கடை என்றாகிவிட்டது.

முதல் நாள் பூவோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி என்னை உற்றுப் பார்த்தாள். "என்ன தப்பு பண்ணிட்டு வந்தீங்க?" என்றாள். மூன்றாம் நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பத்தாம் நாளிலிருந்து வாசலில் நின்று வாங்கி வைத்துக்கொண்டாள். காபியில் டிகாஷன் கூடியது. எதிர்வீட்டு மாமி தன் வீட்டுக்காரரிடம் என்னை உதாரணம் காட்டத் தொடங்கியதில், அந்த மனிதர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். இதெல்லாம் ஒரு காசுக்காக என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டிகாஷன் குறைந்துவிடும்.

ஒரு மண்டலம், 48 நாள், இப்படிப் போயிற்று. 48ஆம் நாள் பூக்காரம்மாவே பொறுக்க மாட்டாமல், "சார், அப்படி என்னதான் தேடுறீங்க?" என்று டப்பா முழுவதையும் சாக்கில் கொட்டிவிட்டார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினோம். நட்சத்திரம், வைரம், பொட்டு என்று அவரே பிரித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். எம்.கே. மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து, பூவைக் கொடுத்துவிட்டு, உண்மையைச் சொன்னேன். ஸ்லோவாக்கியா, கிரெம்னிட்சா, துக்ளக் எல்லாம் சொன்னேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள். பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் கிண்ணத்துக்கு அடியிலிருந்து ஒரு காசை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

எம்.கே.

"கொடுக்கும்போதே பார்த்தேங்க. மத்ததுல நட்சத்திரம் கிட்சத்திரம் இருந்துச்சு, இதுல மட்டும் எழுத்து இருந்துச்சு. நீங்க தேடுவீங்கன்னு இதை எடுத்து வெச்சுக்கிட்டு, அஞ்சறைப் பெட்டியில கிடந்த வேற ஒரு ரூபாயைக் கொடுத்தேன்."

"அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க பூவோட வந்தீங்களே."

நோட்டில் எம்.கே.வுக்குத் தனிக் கட்டம் போட்டு, பக்கத்தில் வாங்கிய விலையை எழுதினேன். தினம் முப்பது வீதம் 48 நாள், 1,440 ரூபாய். இப்போது யாராவது காசின் மதிப்பைக் கேட்டால், 311 காசுக்கு யோசிக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் விலை இன்னும் முடியவில்லை. நாளைக்கும் பூ வாங்க வேண்டும்.