மும்பைத் தமிழரின் ஆங்கிலம்: நாக்கா, விரலா?

மும்பைத் தமிழர் அன்றாட ஆங்கிலத்தை எங்கே கற்றார் என்ற கேள்வியை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. கேட்டால், பள்ளிக்கூடத்தில் என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள். அந்தக் கருதுகோளை இக்கட்டுரை எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்கிறது.

முதற்சான்று மாட்டுங்கா. தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறி வந்த இளைஞர்கள் பலரின் டிரங்குப் பெட்டியில் இருந்த சொத்து, டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழ்கள். டைப்பில் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. ஷார்ட்ஹேண்ட் ஹையருக்கு 120. ஆக, ஆங்கிலம் நாக்குக்கு வருமுன்பே விரலுக்கு வந்துவிட்டது. 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் ஸ்டெனோ, லோக்கல் ரயிலில் யார் காலையாவது மிதித்துவிட்டால் 'அய்யய்யோ' என்பார். மன்னிப்புக் கேட்கும் வாசகம் அவர் கைவசம் இல்லாமல் இல்லை. ஆனால் அது 'வீ ரெக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்' என்று தொடங்கும். கார்பன் வைத்து மூன்று நகல் எடுக்க வேண்டியது.

டைப் இன்ஸ்டிட்யூட்டில் அவர் பழகிய புகழ்பெற்ற வாக்கியத்தில் பழுப்பு நரி ஒன்று சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கும். 26 எழுத்தும் அதில் அடக்கம். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் அந்த நரியைக் கண்டவர் எவருமில்லை. நாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

இந்த விரல் ஆங்கிலத்தை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க முடியாது. 1960இல் தொடங்கிய 'மார்மிக்' இதழில் பால் தாக்கரே வெளிமாநில அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டார். 1966இல் சிவசேனை பிறந்தது. அதன் தொடக்ககாலக் கோபம் தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் மீதுதான். நிமிடத்துக்கு 45 சொல் அடிப்பது அரசியல் குற்றமான ஊர் உலகில் வேறெங்கும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

'30 நாட்களில் ஆங்கிலம்' வகை நூல்களையும், கபில்தேவ் விளம்பரத்தில் தோன்றிய ராபிடெக்ஸையும் மறுப்பாளர்கள் காட்டக்கூடும். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையின் பழைய புத்தகக் கடைகளே அதற்குப் பதில். இத்தகைய நூல்களின் முன்பக்கங்கள் கசங்கியிருக்கும். பின்பக்கங்கள் மணப்பெண் புடவைபோல் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

தாராவிக்கு வந்தால் பாடத்திட்டமே வேறு. தோல் பதனிட வந்த திருநெல்வேலிக் குடும்பங்களுக்குத் தெருதான் வாத்தியார். நைன்ட்டி ஃபீட் ரோடு, சிக்ஸ்டி ஃபீட் ரோடு, கிராஸ் ரோடு, டி ஜங்ஷன், ட்ரான்சிட் கேம்ப்: எண், அளவு, வடிவம், குடியிருப்பு எல்லாம் விலாசத்திலேயே அடங்கிவிட்டன. ஏட்டைத் தொடாத ஓர் ஆச்சி டாக்சிக்காரரிடம், "டி ஜங்ஷன் பாஸ் ரோக்கோ பையா" என்று இரண்டு மொழியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, பேரனிடம் "எறங்குல" என்பாள். நாலாவது பாஷையும் அவளுக்குத் தெரியும். அது மீன்காரியிடம் பேரம் பேசும்போது வெளிப்படும். 'நைன்ட்டி' என்றால் தொண்ணூறு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. சாலையின் அகலம் இன்று கடைகள் போக எத்தனை அடி என்று அளக்கக் கிளம்பும் ஆய்வாளர், கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

செம்பூர்க்காரர்கள் சொற்களிலேயே சிக்கனம் பிடித்தவர்கள். சுற்றிலும் ஆர்.சி.எஃப்., பி.ஏ.ஆர்.சி., பி.பி.சி.எல். இருக்கையில் முழுச்சொல் எதற்கு? ஆர்.சி.எஃப். என்றால் என்ன என்று செட்டா நகர் மாமி ஒருவரைக் கேட்டால், "உரக் கம்பெனி" என்று சொல்லிவிட்டுக் குக்கரை அணைக்கப் போய்விடுவார். விடை சரியானதே என்பதால் ஆய்வாளரால் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாது.