தோள் இருந்தால்தான் பை

கேமரா வாங்குவது சுலபம். காசு இருந்தால் போதும். இல்லாவிட்டால் மாதத் தவணை இருக்கிறது. பைக்குத்தான் ஆராய்ச்சி வேண்டும். தினமும் கேமராவும் கையுமாகத் திரிய ஆசைப்படுகிறவர்கள், கேமராவை மூன்று மாதம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு முதலில் பையைப் பற்றிப் படிக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் படம் எடுக்காதீர்கள். கவனம் சிதறும்.

படித்து முடித்ததும், உங்களிடம் இருக்கிற அத்தனையையும் கட்டிலில் பரப்புங்கள். பாடி, அதோடு வந்த கிட் லென்ஸ், 50 எம்எம், தள்ளுபடியில் வாங்கிய பெரிய டெலி லென்ஸ், ஃபிளாஷ், சார்ஜர், மூன்று பேட்டரி, எதற்கு வாங்கினோம் என்று மறந்துபோன ஃபில்டர்கள். இவை எல்லாவற்றையும் விழுங்குகிற பைதான் அன்றாடப் பை. டெலி லென்ஸ் தினமும் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். மயில் வந்தால்? தாம்பரம் ஸ்டேஷனில் மூன்றாவது பிளாட்பாரத்தில் மயில் தோகை விரித்து நிற்கும்போது உங்களிடம் 70-200 இல்லாவிட்டால் அந்தத் துக்கத்தை யார் தாங்குவது? மயில் வந்ததில்லை என்பது ஒரு வாதமா? நாளைக்கு வரலாம்.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். கேனான் 5டி மார்க் 4 பேட்டரியோடு 890 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 805 கிராம். மயிலுக்கான 70-200 எஃப் 2.8 கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. ஆக மொத்தம் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த கெட்டியான பேக்பேக் காலியாகவே ஒன்றரைக் கிலோ இருப்பது சாதாரணம். ஃபிளாஷும் அதன் நாலு செல்லும் சேர்ந்து அரைக் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆறைத் தாண்டிவிட்டோம், இன்னும் டிபன் பாக்ஸ் வைக்கவில்லை. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு வழக்கமாக ஏழு கிலோதான் அனுமதி என்று பயமுறுத்துவார்கள். தராசைக் கண்டதும் 70-200ஐ எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கழுத்துக்கு எடை வரம்பு கிடையாது.

நல்ல பைகள் பிறந்த வரலாறு நமக்கு அவ்வளவு சாதகமாக இல்லை, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் ஜிம் டாம்கி என்பவர் அமெரிக்காவில் ‘பிலடெல்பியா இன்கொயரர்’ நாளிதழில் போட்டோகிராபராக இருந்தார். விறைப்பான பெட்டிகளோடு மல்லுக்கட்டிச் சலித்து, தொளதொள கான்வாஸில் தனக்கென்று ஒரு பை தைக்க வைத்தார். ஸ்பாஞ்ச் மிகக் குறைவு, உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கை நுழைத்தால் லென்ஸ் வந்துவிடும். பத்திரிகைக்காரர்கள் அதையே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இங்கிலாந்தில் மார்ட்டின் பில்லிங்ஹாம் 1973இல் தொடங்கிய கம்பெனி, தூண்டில் போடுகிறவர்களுக்கான பையைத்தான் தைத்து விற்றுக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் அதை வாங்குகிறவர்கள் மீன் பிடிப்பதில்லை, கேமராவைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தோல் வார், பித்தளைக் கொக்கி எல்லாம் அப்படியே இருக்க, அது உலகப் புகழ்பெற்ற கேமராப் பை ஆயிற்று.

இந்தக் கதைகளிலிருந்து பை மெத்தென்றும் சின்னதாகவும் வாய் அகலமாகவும் இருந்தால் போதும் என்ற தவறான முடிவுக்கு வாசகர் வந்துவிடக் கூடாது. காலம் மாறிவிட்டது. சான்பிரான்சிஸ்கோவின் பீக் டிசைன் கம்பெனி 2015இல் ஓர் அன்றாடத் தோள்பை செய்யப்போகிறோம், பணம் போடுங்கள் என்று கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது. 48 லட்சம் டாலருக்கு மேல் வந்து விழுந்தது. பைப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த ஆண்டே பேக்பேக், ஸ்லிங், டோட் என்று இன்னொரு வரிசைக்குக் கேட்டார்கள். 65 லட்சம் டாலருக்கு மேல் விழுந்தது. பை வாங்கி மனம் நிறைந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்பதை இந்த இரண்டு தொகையை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போங்கள். காலிப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒருக்களித்து நில்லுங்கள். நேஷனல் ஜியாக்ரபிக் ஆள் மாதிரி தெரிகிறீர்களா? தெரிந்தால் வாங்கிவிடலாம். கடைக்காரரும் “வாட்டர் ப்ரூஃப் சார், தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது சார்” என்பார். எதை, எங்கே, யார் தூக்கிப் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். சில கிறுக்கர்கள் சொந்தக் கேமராவையே கடைக்கு எடுத்து வந்து, பைக்குள் வைத்து, பத்து நிமிஷம் அங்கேயே நடந்து பார்க்கிறார்கள். பட்டை கழுத்தோரத்தில் அறுக்கிறதா, பையின் அடிப்பாகம் பின்பக்கத்தில் இடிக்கிறதா, கனமான லென்ஸ் முதுகோடு ஒட்டி நிற்கிறதா அல்லது பின்னுக்கு இழுக்கிறதா, நின்றபடியே ஒரு கையால் கேமராவை எடுக்க முடிகிறதா என்று சோதிக்கிறார்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். நமக்கு எதற்கு அந்த வம்பு?

அடுத்தது, முதுகா தோளா என்ற பெரிய விவாதம். முதுகுப் பை இரண்டு தோளுக்கும் பாரத்தைப் பிரித்துக் கொடுக்கும். இடுப்புப் பட்டை இருந்தால் பாதிச் சுமை இடுப்புக்கு இறங்கிவிடும். ஆகவே அந்த இடுப்புப் பட்டையை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று முதல் நாளே மடித்து உள்ளே செருகிவிடுங்கள். முதுகுப் பையில் இன்னொரு வசதி, கேமரா உங்களைத் தவிர எல்லோருக்கும் எட்டும். படம் எடுக்க வேண்டுமென்றால் பையை இறக்கி, தரையில் வைத்து, மண்டியிட்டு, பக்கிளைக் கழற்றி, ஜிப்பைச் சுற்றிவர இழுத்து, மூடியைத் திறக்க வேண்டும். அதற்குள் நீங்கள் எடுக்க நினைத்த பூக்காரம்மா வியாபாரம் முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்.

பீச் ஸ்டேஷனுக்குப் போகும் காலை மின்சார ரயிலில் முதுகுப் பையோடு ஏறிப் பாருங்கள். கிண்டியில் ஒருவர் பொறுமையாகத் தொடங்குவார்.

“தம்பி, பையைக் கழட்டி முன்னாடி போட்டுக்கப்பா.”

“உள்ள கேமரா சார்.”

“அது என் மூக்கு மேல இருக்குன்னுதான் சொல்றேன்.”

முன்னால் மாட்டிக்கொண்டதும் பை நெஞ்சில் வந்து நிற்கும். கீழே உங்கள் கால் தெரியாது. மாம்பலத்தில் இறங்குகிற கூட்டம் உங்களையும் பையையும் சேர்த்து இறக்கிவிடும். நீங்கள் நுங்கம்பாக்கம் போக வேண்டியவராக இருக்கலாம். அது வேறு விஷயம்.

தோளில் குறுக்காகப் போடும் சைடு பேக்கில் இந்தத் தொல்லை இல்லை. அப்படியே முன்னால் இழுத்தால் கேமரா கையில் வந்துவிடும். இதைச் சரிக்கட்ட அதில் மயில் லென்ஸையும் திணிக்க வேண்டும். இரண்டு கிலோ வரைக்கும் ஒற்றைத் தோள் பெரிதாக முனகாது. நாலு கிலோ ஏற்றினால் அந்தப் பக்கத் தோளைக் காதுவரை உயர்த்திக்கொண்டு நடக்கத் தொடங்குவீர்கள். அரை மணிக்கு ஒருமுறை தோள் மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். பட்டையையும் மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு அங்குல அகலப் பட்டை பாரத்தைப் பரப்பிவிடும். பிறகு பை மாட்டியிருப்பதே உங்களுக்கு மறந்துவிடும். இத்தனை பணம் கொடுத்து வாங்கிய பை மறந்துபோகலாமா? நம் ஊர் சிறுபத்திரிகைக்காரர்கள் ஜோல்னா பையில் விற்காத இதழ்களைக் கட்டுக் கட்டாகப் போட்டு ஊர் ஊராகச் சுமந்தார்கள். அகலத் துணிப் பட்டைதான். அவர்கள் தோள் வலி என்று புலம்பி நான் கேட்டதில்லை, மற்றதற்கெல்லாம் புலம்பினார்கள்.

மூடிக்கு வெல்க்ரோ அவசியம். ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர், காட்டில் உலாவிவிட்டு வந்தபோது தன் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முட்காய்களைப் பார்த்துக் கண்டுபிடித்தது. அவர் மார்கழியில் சபாவுக்கு வந்ததில்லை. பாடகி கண்ணை மூடிக்கொண்டு தோடியில் மேல் சட்ஜத்தைத் தொடப் போகிற நேரம், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் லென்ஸ் மாற்ற நினைத்து மூடியை இழுக்கிறீர்கள். டர்ர்ர். முன்வரிசை மாமி திரும்பிப் பார்க்கிற பார்வையைத் தாங்கும் பை இதுவரை தயாராகவில்லை. ஜிப்பை மெள்ளத் திறந்தால் யாருக்கும் தெரியாது என்பார்கள். தெரியாவிட்டால் எப்படி?

பையைச் சோதித்துப் பார்க்கச் சிறந்த இடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் போய்விட வேண்டும். ஏலம் நடக்கிற இடத்தில் தரை முழுக்க ஐஸ் கரைந்த தண்ணீர், செதில், மீன் ரத்தம். முதுகுப் பையை இறக்கி வைக்க ஏற்ற இடம் அதுதான். சிலர் பையின் அடியில் ரப்பர் பூசியிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள், முதுகு ஒட்டும் பக்கத்தில் திறக்கிற மாதிரிப் பையைத் தேடுகிறார்கள், அப்போதுதான் தரையில் பட்ட பக்கம் சட்டையில் ஒட்டாதாம். சட்டையில் கொஞ்சம் வஞ்சிரம் வாசம் வந்தால் என்ன குறைந்துவிடும்? கூடை தூக்கிப் போகிறவர் “ஓரமா நில்லுபா” என்று ஓர் இடி இடித்துவிட்டுப் போவார். மீன்கார அம்மா உங்களையும் பையையும் ஏற இறங்கப் பார்த்து, “இம்மாம் பெரிய மூட்டையைத் தூக்கினு வந்துகிறியே, மீனு வாங்கப் பையி கொணாந்தியா?” என்பார். அங்கே பித்தளைக் கொக்கி போட்ட பில்லிங்ஹாம் பைகளையும் சில நாள் பார்க்கலாம். தூண்டில்காரனுக்குத் தைத்த பை கடைசியில் மீன் இருக்கிற இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது, கேமராவோடு. கூட்டம் ஒத்துவராது என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது, விசைப்படகு கடலுக்குப் போகாது. பையைச் சோதிக்க நிம்மதியான நாட்கள். படத்துக்குத்தான் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

பையின் மேல் கேமரா கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தன் லைக்காவின் பளபளக்கும் இடங்களில் கறுப்பு டேப் ஒட்டி மறைத்து வைத்திருந்தார். கேமரா வைத்திருப்பதே தெரியக் கூடாதாம். அவருக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. நாம் அப்படியா? மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழாவன்று, மாட வீதியில் நகர இடமில்லாத கூட்டத்தில், ஒரு கையில் பந்தலில் கொடுத்த நீர்மோர், மறுகையில் விசிறி, முதுகில் ஜிப் வெளிப்பக்கம் பார்த்த பை, அதன்மேல் மஞ்சள் எழுத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவிப்பு. இதைவிடத் தெளிவாக யாருக்கும் அழைப்பு வைக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையிலேயே விட்டு ஜிப்பை இழுத்து மூடிவிடுங்கள். சென்னைக் காற்றில் ஈரம் எப்போதும் தாராளம். வியர்வையும் மழைச்சாரலும் ஊறிய ஸ்பாஞ்சுக்குள் இருட்டில் இரண்டு மழைக்காலம் கிடந்தால் லென்ஸின் உள்கண்ணாடியில் ஃபங்கஸ் மெல்லிய இழை இழையாகக் கோலம் போட்டுவிடும். சுத்தம் செய்கிறவரிடம் கொண்டுபோனால் பையின் விலையைக் கேட்பார். பையை வெயிலில் திறந்து காயப்போட்டு, கேமராவை மட்டும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது சோம்பேறிகள் செய்கிற வேலை. செலவு சில நூறு ரூபாய்தான் ஆகிறது, அதில் கௌரவம் ஏது? நீல நிற ஜெல் ஈரம் குடித்து ரோஸ் நிறமானதும் சூடுபடுத்தித் திரும்பவும் பயன்படுத்தலாம். அந்த நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு பாடியும் ஒரே ஒரு சின்ன லென்ஸும், மாற்றுப் பேட்டரி ஒன்றும் எடுத்துக்கொண்டு, தடுப்பு வைத்த ஒரு ஸ்பாஞ்ச் உறையில் அவற்றைப் போட்டு, அந்த உறையை ஆபீஸ் பைக்குள்ளோ மஞ்சப்பைக்குள்ளோ இறக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். மொத்தம் ஒன்றரைக் கிலோ தேறாது. அரசாங்கமே 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று சொன்னபிறகு அவர்களுக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே கத்தரிக்காய் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். இவர்களோடு சேராதீர்கள். பையைப் பற்றிப் பேச அவர்களிடம் ஒரு வார்த்தைகூட இருக்காது, எடுத்த படத்தைத்தான் காட்டுவார்கள்.

புதுப் பை வீட்டுக்குள் நுழையும் நாளன்று பழைய பைகளின் இருப்பிடம் பற்றிக் கேள்வி வரும். ஸ்லிங்கை சைடு பேக்குக்குள் மடித்து வையுங்கள், சைடு பேக்கைச் சின்ன முதுகுப் பைக்குள், அதைப் பெரியதற்குள். பெரியதை எதற்குள் வைப்பது என்று திகைக்க வேண்டாம். பரணில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று கட்டாயம் இருக்கும், தீபாவளிக்குப் புடவை எடுத்தபோது சும்மா கொடுத்தது. அதில் எல்லாம் அடங்கிவிடும். அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் கட்டைப்பையிலயே கேமராவைப் போட்டு எடுத்துட்டுப் போயிருக்கலாமேடா” என்பார். பதில் சொல்லாமல் இறங்கி வாருங்கள்.