ஒன்றுபோல் ஒன்றில்லை என்னும் கூற்று: மட்டாஞ்சேரித் தரை ஓடுகள் குறித்த ஓர் ஆராய்ச்சி

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயத்தின் தரையில், எசெக்கியேல் ரஹபி என்னும் வணிகர் 18ஆம் நூற்றாண்டில் சீனத்துக் கான்டன் துறைமுகத்திலிருந்து வருவித்த, வெள்ளைப் பரப்பில் நீல வண்ணத்தால் கையால் தீட்டிய பீங்கான் ஓடுகள் ஏறத்தாழ 1,100 பதிக்கப்பட்டுள்ளன என்பதும், அவற்றுள் ஒன்றுபோல் ஒன்று இராது என்பதும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவோருக்குத் வழிகாட்டி தவறாமல் சொல்லும் இரு செய்திகளாகும். முதலாவதை எண்ணிப் பார்த்தே ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவதைக் கேட்டவர்களோ, அருகிலுள்ள இரண்டு மூன்று ஓடுகளைக் குனிந்து பார்த்து, ஆமாமெனத் தலையாட்டி, மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளுக்குப் பார்வையை மாற்றிக்கொள்கின்றனர். ஆகவே அது மறுப்பாரும் நிறுவுவாரும் இன்றி நிலைபெற்றுவிட்டது.

இக்கூற்றை நிறுவுவதற்கு ஆகும் உழைப்பை முதலில் அளந்தறிதல் வேண்டும். ஒவ்வோர் ஓட்டையும் மற்ற 1,099 ஓடுகளோடும் ஒப்பிட்டு, ஒரே இணையை இருமுறை எண்ணாதிருக்கும்பொருட்டுப் பாதியாக்கினால், பார்க்க வேண்டிய இணைகள் 6,04,450 ஆகும். இணைக்குப் பத்து விநாடி, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் என வைத்துக்கொண்டால், ஆய்வாளர் 336 நாள் தரையில் தவழ வேண்டியிருக்கும். யூதருக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள் ஆதலால் பணி ஓராண்டைத் தாண்டும் என்பதையும், முழங்கால் வலிக்கான விடுப்பு இதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் கருத்தில் கொள்க.

வியப்பு என்னவெனில், ஒன்றுபோல் இரண்டு உண்டு என்று நாட்டுவதற்குச் சில வேளைகளில் இவ்வளவு உழைப்பும் வேண்டியதில்லை. கூண்டுகளைவிடப் புறாக்கள் மிகுதியாக இருந்தால் ஏதேனும் ஒரு கூண்டில் இரு புறாக்களாவது அடைய வேண்டிவரும் என்னும், ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிக்லேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் புறாக்கூண்டுக் கொள்கையின்படி, மனிதத் தலையில் மயிர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை லட்சத்துக்குள் அடங்குவதாலும், கொச்சி மாநகராட்சியில் ஆறு லட்சம் பேர் வாழ்வதாலும், மிகச் சரியாக ஒரே எண்ணிக்கையில் முடியுடைய இருவர் அந்நகரில் உள்ளனர் என்பதை ஒரு சீப்பையும் தொடாமல் நிறுவிவிடலாம். வழுக்கைத் தலையரைச் சேர்த்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம்.

இனி, ‘ஒன்றுபோல்’ என்பதன் இலக்கணம் யாதெனின், இங்கேதான் முடிச்சு விழுகிறது. பிரித்தறிய இயலாத இரு பொருள்கள் இவ்வுலகில் இல்லை என வாதிட்ட மெய்யியல் அறிஞர் லைப்னிட்ஸ், ஜெர்மனியின் ஹெரன்ஹௌசன் தோட்டத்தில் இளவரசி சோஃபியாவின் முன்னிலையில் கனவான் ஒருவர் ஒத்த இரு இலைகளைத் தேடி ஓடியாடியும் காணாது போனதை 1716ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் சான்றாகக் காட்டினார். கனவான் களைத்துப்போனது நிரூபணம் ஆகாது என்பது ஒருபுறமிருக்க, உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் இன்று குஜராத் மோர்பியில் இயந்திரம் தள்ளும் டைல்ஸிலும் ஒன்றுபோல் ஒன்று இராது; மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்ட முதியவருக்கோ மட்டாஞ்சேரியின் 1,100 ஓடுகளும் ஒன்றேயாம். எனவே, நின்றபடி குனியாமல், நல்ல வெளிச்சத்தில் பார்க்கும் சராசரிக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாமையே ‘ஒன்றுபோல்’ என இவ்வாய்வு வரையறுத்துக்கொள்கிறது.

அத்தகைய கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகளை, இந்தக் கோடு தடித்ததா, அந்தக் கிளை வளைந்ததா என ‘ஆம், இல்லை’ வினாக்களாகப் பகுத்து, ஒவ்வொன்றும் தற்செயலாகவும் மற்றவற்றைச் சாராமலும் சரிபாதி வாய்ப்பில் அமைவதாகக் கொள்வோம். 23 பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்புப் பாதிக்கு மேல் என்னும் புகழ்பெற்ற கணக்கையே இங்கும் போட்டால், தனித்தனி ஓவிய வகைகள் ஏறத்தாழ 8,72,000 இருந்தால்தான் 1,100 ஓடுகளும் வெவ்வேறாக இருக்கும் வாய்ப்புப் பாதியை எட்டும். இருபது வினாக்கள் 10,48,576 வகைகளைத் தருவதால், நம் கூற்று தட்டுத்தடுமாறித் தேறுகிறது. வினாக்கள் முப்பதானால், எங்கேனும் ஓரிணை ஒத்துப்போகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஆறுக்கும் குறைவு. தூரிகை பிடித்த கை ஓர் ஓட்டில் முப்பது இடங்களில் தடுமாறாமலா இருந்திருக்கும்? ஆகவே, வழிகாட்டி சொல்வது உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி, அவர் அதைச் சரிபார்த்ததில்லை எனினும்.

ஓராண்டுத் தவழலுக்கு மாற்று வழியொன்றும் உண்டு. ஒவ்வோர் ஓட்டின் முப்பது விடைகளையும் ஓர் அட்டையில் குறித்து, அட்டைகளை அகராதி முறையில் அடுக்கினால், ஒத்தவை தாமே அடுத்தடுத்து வந்து நிற்கும். சுமார் பத்தாயிரம் ஒப்பீடுகளில் காரியம் முடிந்துவிடும். கணினித் துறையினர் தமதெனக் கருதும் இவ்வுத்தியின் மறுபுறத்தை, அதாவது ஒன்றுபோல் தோன்றுபவற்றைக் குறியிட்டுப் பிரிப்பதை, சலவைத் தொழிலாளர் நெடுங்காலமாகவே அறிவர். மட்டாஞ்சேரிக்கு அருகே ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்னும் பகுதியிலுள்ள தோபி கானாவில், டச்சுக்காரர் காலத்தில் சீருடை வெளுக்க வந்தவர்களின் வழியினர் எனச் சொல்லப்படும் தமிழர், ஒன்றுபோலவே தோன்றும் வெள்ளைத் துணிகளை இன்றும் துவைத்து உலர்த்துகின்றனர். சேராங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடப்படும் பழைய சலவைக்குறியோ, பதினோர் இடங்களில் புள்ளி உண்டு, இல்லை என்று மட்டும் அமைந்தாலே 2,048 உருப்படிகளை வேறுபடுத்திக் காட்டவல்லது; 1,100 ஓடுகளுக்கு அது தாராளம். ஆயினும், சேராங்கொட்டைக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது என்பதால், ஓடுகளிலும் அக்குறியை இடலாம் என்னும் பரிந்துரையை ஆலய நிர்வாகத்திடம் நேரில் சமர்ப்பிக்க முன்வருவோர் எவரும் இலர்.