கேள்வி-பதில்: கடலோரம் ஒரு குளம் வேண்டும்

கேள்வி: அலைக்குளம் என்கிறார்களே, அது என்ன?
– வாசகர், சாலை பஜார்

பதில்: கரையோரப் பாறையில் இருக்கும் பள்ளத்தைச் சுற்றித் தாழ்வாக ஒரு சுவர். கடல் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி விழுந்து தண்ணீரைப் புதுப்பிக்கும்; கடல் வற்றும்போது உள்ளே இடுப்பளவோ கழுத்தளவோ நீர் தங்கும். குளோரின் வேண்டாம். சிட்னியின் ப்ரோன்டியில் இப்படி ஒரு குளத்தில் 1887 முதல் குளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: திருவனந்தபுரம் கோவளத்தில்தான் கூட்டம் கூட்டமாகக் குளிக்கிறார்களே, தனியாகக் குளம் எதற்கு?
– வாசகர், பாலராமபுரம்

பதில்: குளிக்கிறார்கள், சரி. அவர்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? லைட்ஹவுஸ் கடற்கரையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். லைஃப்கார்டு விசில் ஊதுவது பெரும்பாலும் அலை அதிகமாக உடையும் இடத்தைப் பார்த்து அல்ல, அலையே இல்லாமல் சாதுவாகத் தெரியும் ஒரு பட்டையைப் பார்த்து. கரையில் வந்து குவிந்த நீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. காலை வைத்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். புதிதாக வந்தவர் அமைதியான இடம் என்று நம்பி அங்கேதான் இறங்குவார்.

போதாததற்குக் கள்ளக்கடல் வேறு. இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். 2024 மே 6 அன்று, எச்சரிக்கை விடப்பட்டிருந்த நிலையில், குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. படித்த, இளவயதுப் பிள்ளைகள். அதை என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் சங்குமுகத்தில் உடனே கட்டிவிடலாமே?
– வாசகி, வள்ளக்கடவு

பதில்: கூடவே கூடாது. அது மணல் கரை. மழைக்காலத்தில் கடல் மணலை எடுத்துக்கொள்ளும், பிறகு திருப்பித் தரும். சில வருடம் தராது. 2021 மே மாதம் டவ்தே புயலில் விமான நிலையச் சாலையையே கடல் பெயர்த்தது. அங்கே சுவர் எழுப்பினால் ஒரு பக்கம் மணல் மேடு, மறுபக்கம் யாருடைய வீட்டுக்கோ அரிப்பு.

பாறை இருக்கும் இடம்தான் சரி. கோவளம், விழிஞ்ஞம் பக்கத்துப் பாறை முனைகளைப் பார்க்கலாம். அதிலும் ஒரு சிக்கல்: நம் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே அலை தாண்டி விழும் அளவுக்குச் சுவரைத் தாழ்த்த வேண்டும். மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை குளத்தைப் பூட்டியே வைக்க வேண்டும். கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடைப்பட்ட கரையைக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் மிகக் கண்டிப்பாகக் காக்கின்றன. அனுமதி சும்மா கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

கேள்வி: நம் பக்கத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: கன்னியாகுமரிக்குப் போங்கள். அம்மன் கோயிலை ஒட்டிய துறையில் பாறைகள் அலையை உடைத்துவிடுகின்றன. அதற்கு உள்ளே நின்று பாட்டிமார்கூட முழுக்குப் போடுகிறார்கள். 1956 வரை அந்தக் கரையும் திருவனந்தபுரத்து ஆட்சியில்தான் இருந்தது.

கேள்வி: மீனவர்கள் எதிர்த்தால்?
– வாசகர், நெய்யாற்றின்கரை

பதில்: அவர்களை முதலில் கேட்காமல் வரைபடம் போட்டால் எதிர்க்கத்தான் வேண்டும். கரமடி வலை இழுக்கும் இடம் எது, வள்ளம் ஏற்றும் இடம் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். 2018 கேரள வெள்ளத்தில் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஊரைக் காப்பாற்றிய கரை இது. குளம் வந்தால் காவல் வேலையும் நீச்சல் கற்றுத்தரும் வேலையும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே, மாதச் சம்பளத்தோடு.

கேள்வி: டிக்கெட் வைத்தால் சுத்தமாக இருக்குமே?
– வாசகர், கரமனை

பதில்: சுத்தத்துக்கு வேண்டியது துப்புரவுப் பணியாளர், டிக்கெட் அல்ல. கோவளத்தை அடுத்த வெங்ஙானூர்க்காரர் அய்யங்காளி 1893-இல் சாதித் தடையை மீறி வில்லுவண்டி ஏறிப் பொதுவழியில் போனதற்கே அடிதடி நடந்த நாடு இது. இங்கே பொது இடத்துக்கு வாசல் வைத்தால் யார் வெளியே நிற்பார்கள் என்பது நமக்குத் தெரியும். இலவசமாகவே இருக்கட்டும்.

கேள்வி: பெண்கள் நிம்மதியாக இறங்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முடிய வேண்டும். சிட்னி கூஜியில் மக்கைவர்ஸ் என்ற கடற்குளம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே. இங்கே வாரத்தில் சில காலை நேரங்களை ஒதுக்கலாம். உடை மாற்ற மறைவான அறை, நல்ல தண்ணீர்க் குழாய், சுரிதாரோடு இறங்கினால் விரட்டாத விதி: இந்த மூன்றும் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

கேள்வி: எனக்கு வயது அறுபது. இனி நீச்சல் கற்கலாமா?
– வாசகர், ஆற்றிங்ஙல்

பதில்: தாராளமாக. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குளத்தில் தொடங்குங்கள், கடலில் வேண்டாம். 2015 தேசிய விளையாட்டின் நீச்சல் போட்டிகள் நடந்த பிரப்பன்கோடு நீச்சல் குளம் உங்களுக்குப் பக்கம்தான். பேரனையும் கூட்டிப்போங்கள்.