ரோமில் ஒரு வானிலை நிலையம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. கரைக்கு வந்தபின் மணிக்கணக்கில் நகராமல் உட்கார்ந்துகொண்டு ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை கிருஷ்ணா நகரில் ராணுவம் படகில் ஆட்களை ஏற்றியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கத்தோலிக்கர்களுக்குத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தண்ணீரைத் தாண்டி மிஷன் வீதி சம்பா கோயிலுக்கோ, ரயிலடிப் பக்கம் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கோ போய்ச் சேர முடிந்தவர்களுக்கு அன்றைய நற்செய்தி வாசகம் லூக்கா 21: வானத்தில் அடையாளங்கள், கடலின் இரைச்சல், அலைகளைக் கண்டு கலங்கி நிற்கும் மக்கள். முந்தைய நாள் வாசகமும் சும்மா இருக்கவில்லை. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். கலிலேயாக் கடலில் வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் வலையைப் போட்டுவிட்டுக் கரையேறிய கதை அன்றைக்கு. கடலுக்குப் போகாதீர்கள் என்று மீன்வளத் துறை சொன்னதை மத்தேயு முன்கூட்டியே வழிமொழிந்துவிட்டார்.

காலையில் அன்றைய வேதப் பகுதியைப் படித்துவிட்டு அடுத்தாற்போல் செய்தித்தாளைப் பிரிக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதாவது ஒரு நூல் இரண்டுக்கும் நடுவே ஓடுவது போலத் தோன்றத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. அதில் கிடைக்கும் பொருத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. அது இலவசமாகக் கிடைக்கிறது என்பதும், இலவசமாகக் கிடைப்பதை அருள்வாக்கு என்று சொல்லிக்கொள்ள நமக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும் என்பதும் என் கட்சி. பொருத்தம் எங்கே தயாராகிறது என்று பார்த்துவிட்டால் விஷயம் பாதி முடிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு ரோமில் ஒரு குழு உட்கார்ந்து வாசகங்களை வரிசைப்படுத்தியது. ஞாயிறுகளுக்கு மூவாண்டுச் சுழற்சி. பொதுக்கால வார நாள்களின் முதல் வாசகத்துக்கு ஈராண்டுச் சுழற்சி. வார நாள் நற்செய்தி மட்டும் வருடா வருடம் அதேதான். புதிய முறை நடைமுறைக்கு வந்த நாள் 1969 நவம்பர் 30. ஃபெஞ்சல் கரையேறிய அதே தேதி, சரியாக 55 ஆண்டு. பொருத்தம் வேண்டுமென்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் காசு கேட்கப் போவதில்லை.

அந்தக் குழுவினருக்கு எபிரேயம் தெரியும், கிரேக்கம் தெரியும், லத்தீன் தூக்கத்தில் வரும். வடகிழக்குப் பருவமழை தெரிந்திருக்க நியாயமில்லை. திருவழிபாட்டு ஆண்டு நவம்பரில் முடிகிறது. ஆண்டு முடியும்போது உலகம் முடிவதைப் பற்றி வாசிப்பதும், அடுத்த ஆண்டை அதே பேச்சோடு தொடங்குவதும் அவர்களுடைய ஏற்பாடு. ஐரோப்பாவில் அது இலை உதிர்ந்து, நாலரை மணிக்கே இருட்டி, மனிதருக்கு மரண நினைப்பு வருகிற மாதம். வங்காள விரிகுடாவில் அதுவே புயல் சின்னம் உருவாகிற மாதம். இந்த இரண்டு நாள்காட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில்தான் புதுச்சேரி இருக்கிறது. கணக்குப் பார்ப்போம். கடல் இரைச்சல் வாசகம் மூன்றாம் ஆண்டுக்கு உரியது. 2015-ல் அது நவம்பர் 29. இரண்டு நாளில் சென்னை மூழ்கியது. 2018-ல் டிசம்பர் 2. கஜா புயல் வந்துபோய் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. 2021-ல் நவம்பர் 28. ஒன்பது நாள் முன்னால்தான் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று நமக்கும் சென்னைக்கும் நடுவே கரையேறியிருந்தது. 2024 பற்றிச் சொல்லிவிட்டேன். சரி, மற்ற ஆண்டுகள்? முதலாம் ஆண்டுக்குரிய வாசகம் நோவா காலத்து வெள்ளம். 2025 நவம்பர் 30 ஞாயிறு அது வாசிக்கப்பட்டபோது, இலங்கையில் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட டிட்வா புயல் நம் கடலோரமாக வந்துகொண்டிருந்தது. நோவாவுக்கு வெள்ளம் வடிந்தபின் இனி இப்படி நடக்காது என்று வானவில்லை அடையாளமாகக் காட்டினார் கடவுள். ஒவ்வொரு பெருமழைக்கும் முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் நம் ரெயின்போ நகருக்கு அந்த ஒப்பந்தத்தின் நகல் இன்னும் வந்துசேரவில்லை.

இதோடு முடிந்ததா? திருவருகைக் காலத்தின் முதல் வியாழக்கிழமை, எந்த ஆண்டானாலும், மத்தேயு 7: மழை பெய்கிறது, வெள்ளம் வருகிறது, காற்று மோதுகிறது, பாறைமேல் கட்டிய வீடு நிற்கிறது, மணல்மேல் கட்டிய வீடு போய்விடுகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் தமிழ்க் கடற்கரையில் உட்கார்ந்து இதை வாசிக்கிறவருக்கு நாட்டு நடப்போடு தொடர்பு தெரியவில்லையென்றால் அவருக்குக் கண்ணில்தான் கோளாறு. போகட்டும், இந்த வாசகத்தின்படி பார்த்தால் புதுச்சேரி ரொம்பப் பத்திரமான ஊர். 1980-களின் கடைசியில் துறைமுகம் கட்டியதும் மணல் தானாகக் கிளம்பிப் போய்விட்டது. கடற்கரைச் சாலை வெறும் கருங்கல்லை நம்பித்தான் பல வருடம் நின்றது. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டுக் கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். வேத வாக்கியத்தைச் சரியாகப் படிக்காதவர்கள் செய்த வேலை.

சீர்திருத்த சபையாருக்கு இந்த வாசக நூல் கட்டாயமில்லை. ஆதியாகமத்தில் தொடங்கி ஒரு வருடத்தில் பைபிளை முடிக்கிற அட்டவணைகள் அவர்களில் பலரிடம் உண்டு. 1,189 அதிகாரம்; நாளுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். ஜனவரி 1-ல் தொடங்கினால் நோவாவின் வெள்ளம் இரண்டு மூன்று தேதிகளில் வந்துவிடும். அப்போது புதுச்சேரியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், ஆகவே யாரும் அதைச் செய்தியோடு முடிச்சுப் போடுவதில்லை. கணிசமானவர்கள் பிப்ரவரித் தொடக்கத்தில் லேவியராகமத்தில் கரையொதுங்கிவிடுவார்கள். விடாமல் படிப்பவர்களுக்கு வெளிப்படுத்தின விசேஷம் கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி டிசம்பர் 31-ல் முடியும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல் இரண்டும் அந்த ஒரு வாரத்துக்குள் விழுகின்றன. வருடக் கடைசியில் எது நடந்தாலும் அது வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கும். இருக்காமல் எப்படி? படிப்பதே அந்தப் புத்தகத்தைத்தான்.

பொருந்தாமல் போனவற்றை யாரும் எடுத்து வைப்பதில்லை என்பதும் இந்த வியாபாரத்தின் ரகசியம். தானே புயல் அடித்துக் கூரைகளைத் தூக்கிய அன்று கத்தோலிக்கர்களுக்குத் திருக்குடும்பத் திருநாள். குழந்தை இயேசுவை ஆலயத்தில் முதியவர் சிமியோன் கையில் ஏந்துகிறார். காற்றில்லை, அலையில்லை, பரம சாந்தம். 2023 டிசம்பர் 3 மிக்ஜாம் சென்னையை நெருங்கியபோது வாசகத்தில் ஒரு வாயில்காவலர் விழித்திருக்கிறார். சொட்டுத் தண்ணீர் கிடையாது. பஞ்சாங்கத்தில் அன்றே போட்டிருக்கிறது என்று புயலுக்குப் புயல் செய்தி வருகிறதே, அதிலும் இதே கணக்குத்தான்: போட்டது நடந்தால் பேட்டி, நடக்காவிட்டால் அடுத்த வருடப் பஞ்சாங்கம். மழை மட்டும் என்றில்லை. 2021 பிப்ரவரி 22 அன்று சட்டசபையில் பெரும்பான்மை காட்ட முடியாமல் நாராயணசாமி அரசு நாற்காலியை விட்டது. பிப்ரவரி 22 திருச்சபையில் எந்தத் திருநாள் தெரியுமா? பேதுருவின் தலைமைப் பீடத் திருநாள். அவருக்கு ஒரு நாற்காலி, அதற்கென்று ஒரு நாள், சாவிக்கொத்தை அவர் கையில் கொடுக்கிற நற்செய்தி. நாற்காலியும் சாவியும் கைமாறுவது பற்றி இதைவிடப் பொருத்தமான வாசகத்தை எந்தத் தலையங்க ஆசிரியரும் தேடியெடுத்திருக்க முடியாது. ஆனால் புதுச்சேரி அரசியலில் நாற்காலி ஆடாத பிப்ரவரி 22-களும் நிறைய உண்டு. அன்றும் பேதுரு உட்கார்ந்துதான் இருந்தார்.

கடவுள் ஒரு குழுவின் மூலமாகவும் பேசலாமே, 1969-ல் வரிசைப்படுத்தியவர்களுக்கே தெரியாமல் 2024 புதுச்சேரிக்கு ஒரு வரி ஒதுக்கி வைத்திருக்கலாமே என்று பக்தியுள்ளவர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். அதே காலையில் அதே வாசகம் மாட்ரிட்டிலும் வாசிக்கப்பட்டது, கோடை வெயிலில் மெல்போர்னிலும் வாசிக்கப்பட்டது, கடலையே பார்த்திராத நாக்பூரிலும் வாசிக்கப்பட்டது என்பதுதான் என் பதில். உலகம் முழுவதற்கும் போட்ட கடிதத்தில் நம் தெருப் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது என்று நினைப்பது பக்தியா, ஊர்ப் பெருமையா? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று அந்த வாசகத்துக்குள்ளேயே இருக்கிறது. அன்று வாசித்தது கடல் இரைச்சலோடு நின்றுவிடவில்லை. 34-ஆம் வசனத்துக்குப் போகிறது. அங்கே இயேசு தம் சீடர்களிடம், களியாட்டத்தாலும் குடியாலும் பிழைப்புக் கவலையாலும் உள்ளம் மழுங்கிப் போகாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். குடியைப் பற்றிய வசனம். வாசிக்கப்பட்ட ஊர் புதுச்சேரி. கலால் வருவாயைத் தூணாக வைத்து நிற்கிற கஜானா, வாரக் கடைசியானால் பக்கத்து மாநிலத்திலிருந்து தாகத்தோடு வந்திறங்கும் கூட்டம். புயல் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பொருந்தினால் இந்த வசனம் 365 நாளும் பொருந்தும். இருந்தும் பொருத்தம் பார்க்கிறவர்கள் 25-ஆம் வசனத்தில் தொடங்கி 28-ஆம் வசனத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். அலை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது. 34 கூப்பிடும்.

அப்படியானால் வேதம் வேறு, செய்தி வேறு என்று பிரித்து வைத்துவிடலாமா? நம் ஊர் வரலாறு அதற்கு இடம் கொடுக்காது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரத்தைக் கொள்ளைப் பொருளாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் லுத்தரன் போதகர் பப்ரிசியுஸிடம் ஒப்படைக்கப்பட்டது, கோட்டைக்கு வேண்டியபோது அரசு வேலையையும் அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேப்பேரி அச்சகத்திலிருந்து 1772-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. சர்க்கார் காகிதமும் சுவிசேஷமும் ஒரே கூரையின்கீழ் அச்சான கதை இது. ஒன்றின் வேலைக்காக மற்றதை நிறுத்தி வைத்த நாள்களும் இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் தப்பே கிடையாது. எதைக் கொண்டு எதை அளக்கிறோம் என்பதில்தான் தகராறு. செய்தியில் வரும் வில்லனுக்குப் பார்வோன் என்று பெயர் வைப்பது சுலபம். எதிர்க்கட்சிக்காரர் ஏரோது, வரி போடுகிறவர் ஆயக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் பரிசேயர். நாம் எப்போதும் கானானுக்குப் போகிற வழியிலேயே இருக்கிறோம், தங்கக் கன்றுக்குட்டி செய்த கூட்டத்தில் நாம் இருந்ததாக ஒருநாளும் தெரிவதில்லை. வாசகத்தை ரோமில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்து வைத்ததில் உள்ள லாபமே இங்குதான். நாமே தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடிக்காதவருக்குப் பொருந்துகிற பகுதியாகப் பார்த்து எடுப்போம். அட்டவணை அந்த வசதியைத் தராது; நேற்றைய செய்தியை அது மதிப்பதே இல்லை.

கடைசி ஆட்சேபம் கனமானது. பொருத்தத்தைச் சிரித்துத் தள்ளிவிடலாம், ஆனால் சில நாள்களில் சிரிக்க முடியாதே என்பார்கள். உண்மைதான். 2004 டிசம்பர் 26 ஞாயிறு. அன்றைக்கும் திருக்குடும்பத் திருநாள், முதலாம் ஆண்டு. வாசகம் மத்தேயு 2. எழுந்து குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ஓடிவிடு என்று யோசேப்புக்குக் கனவில் சொல்லப்படுகிறது. அந்தக் காலையில்தான் வேளாங்கண்ணியில், காரைக்காலில், நம் மீனவர் குப்பங்களில் கடல் உள்ளே வந்தது. இதை முன்னெச்சரிக்கை என்று சொல்லத் துணிகிறவர், அன்று கோயிலுக்கு வந்தே பலியானவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்? கேட்காததால் போனார்கள் என்பாரா? இந்தக் கேள்விக்கு நான் பதில் தேட வேண்டியதில்லை. இயேசுவிடமே ஒருமுறை அன்றைய தலைப்புச் செய்தியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். லூக்கா 13. பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டிவிட்டான் என்கிறார்கள். அவர் தம் பங்குக்கு, சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த விபத்தையும் எடுத்துப் போடுகிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லவே இல்லை என்கிறார். செய்தியைக் கொண்டு செத்தவரை அளப்பதைத் தடுத்துவிட்டு, கொண்டுவந்தவர்களின் பக்கம் திரும்பி, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். பொருத்தம் பார்க்கும் கலைக்கு இதைவிடத் தெளிவான தடை உத்தரவு நான்கு நற்செய்திகளிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தப் பகுதி வருடந்தோறும் பொதுக்காலம் 29-ஆம் வாரச் சனிக்கிழமை வாசிக்கப்படுகிறது. 2024-ல் அது அக்டோபர் 26, 2025-ல் அக்டோபர் 25. வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற கையோடு. அன்று புயல் இருக்காது, கோபுரம் எதுவும் விழாது, சனிக்கிழமைப் பூசைக்குக் கூட்டமும் வராது. ஆகவே இந்தப் பொருத்தத்தை மட்டும் யாரும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதில்லை. அதே வாசகத்தின் பின்பாதியில் ஓர் அத்திமரம் இருக்கிறது. மூன்று வருடமாகக் காய்க்கவில்லை, வெட்டிவிடு என்கிறார் சொந்தக்காரர். இந்த ஒரு வருடம் பொறுங்கள், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர். பிலாத்து, கோபுரம், பதினெட்டுச் சாவு என்று அவ்வளவு பெரிய செய்திகளுக்குப் பிறகு லூக்கா நம் கையில் கொடுப்பது ஒரு மண்வெட்டி. உப்பாறு வாய்க்காலும் பெரிய வாய்க்காலும் அக்டோபர் கடைசியில் எந்த நிலையில் இருக்கின்றன என்று போய்ப் பார்க்கிறவருக்கு அதை எங்கே போட்டு வெட்டுவது என்று தனியாகப் பிரசங்கம் வைக்க வேண்டியதில்லை.