ஈசியு மாற்றுவது எப்படி? (சிவகாசிப் பதிப்பு)

மோட்டார் சைக்கிளில் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியு கெட்டுப்போனால், அதை மாற்றுவதற்கு முதல் தேவை, கெட்டுப்போன ஓர் ஈசியு. இதைச் சொல்ல ஒரு கட்டுரையா என்று நினைக்க வேண்டாம். விருதுநகரிலோ திருத்தங்கலிலோ ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நல்ல ஈசியுவைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல ஈசியுவை மாட்டுகிற காட்சி கிடைக்கும். வண்டி அப்போதும் ஸ்டார்ட் ஆகாது. ஆகவே முறைப்படி, முதலில் ஈசியுவைக் கெடுக்கக் கற்றுக்கொள்வோம்.

இருப்பதிலேயே எளிது வெல்டிங். சைடு ஸ்டாண்டு உடைந்துவிட்டதா, பண்டல் கட்டப் பின்னால் கேரியர் வேண்டுமா, நேரே பட்டறைக்கு ஓட்டிப் போங்கள். “ரெண்டு பொட்டு வைக்கிற வேலை அண்ணாச்சி, இதுக்குப் போயி பேட்டரியக் கழட்டிக்கிட்டு” என்பார் பட்டறைக்காரர். தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள். வெல்டிங் மிஷினின் நூறு ஆம்பியர் கரண்ட் சேசிஸ் வழியாகத் திரும்பும் வழி தேடும். ஈசியுவின் எர்த்தும் அதே சேசிஸில்தான் இருக்கிறது.

அவசரக்காரர்களுக்கு இன்னொரு வழி. செல்ஃப் எடுக்கவில்லை என்றதும், தீப்பெட்டி லோடு ஏற்ற நிற்கிற லாரியின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுங்கள். உங்கள் வண்டி 12 வோல்ட், லாரி 24. டிரைவர் நல்ல மனுஷன், கேட்டதும் கொடுப்பார். பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் காரியம் இன்னும் சீக்கிரம் முடியும்.

பொறுமைசாலிகளுக்கு ரெகுலேட்டர் இருக்கிறது. ஓடுகிற வண்டியில் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது வழக்கம். ரெகுலேட்டர் பழுதாகி அது 16, 17 என்று ஏறினால் முதலில் ஹெட்லைட் பல்பு போகும், பிறகு பேட்டரி கொதிக்கும், கடைசியில் ஈசியு போகும். பல்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். புது ஈசியு மாட்டியபின்பும் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். மாதம் திரும்புவதற்குள் அடுத்த ஈசியுவுக்குக் கடைக்காரர் சிரித்தபடி எழுந்து வருவார். ஹாரனுக்கும் கலர் லைட்டுக்கும் வெட்டி முறுக்கிய ஒயர், வாட்டர் சர்வீஸில் சீட்டுக்கடியில் பீய்ச்சிய தண்ணீர், எலி ஆகியவற்றைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இந்தப் பெட்டி நம் வண்டிக்குள் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான், தீபாவளிக்கு ராத்திரி எட்டு முதல் பத்து வரைதான் வெடி. சிவகாசி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த மறுநாளே, 24-ம் தேதி, அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பிஎஸ்-4 புகை விதிப்படி செய்த வண்டியை விற்கக் கூடாது. ஊரில் முதல் தீர்ப்பைப் பேசிய வாய்க்கு இரண்டாவதைப் பேச நேரமில்லை. இரண்டுக்கும் காரணம் காற்றுதான். ஒன்று நம் மருந்துக் கலவையை மாற்றியது, மற்றொன்று நம் கார்ப்ரேட்டரைப் பிடுங்கிக்கொண்டு சென்சார்களையும் கம்ப்யூட்டரையும் கொடுத்தது. மூட்டை சுமக்கிற டிவிஎஸ் எக்ஸ்எல் 100-கூடத் தப்பவில்லை.

கம்ப்யூட்டர் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. விருதுநகர் மிளகாய் மண்டியில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காற்று வந்தது, இஞ்சின் எவ்வளவு சூடு, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று ஆளுக்கொரு சீட்டு கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைப் பார்த்து, இந்தச் சுற்றுக்கு இத்தனை மில்லி செகண்ட் பெட்ரோல் என்று அவர் அளந்து விடுவார். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கை ஒட்டி நின்றால்தான் சைலன்சருக்குள் இருக்கும் கன்வெர்ட்டர் புகையைச் சுத்தம் செய்யும். கணக்கு தப்பினால் என்ன செய்வோம்? சீட்டு கொண்டுவந்தவனை விசாரிப்போம். மோட்டார் சைக்கிள் விஷயத்தில் மட்டும் எடுத்த எடுப்பில் கணக்குப்பிள்ளையை வேலையை விட்டு நிறுத்துகிறோம்.

விசாரணை இப்படி. சாவியைத் திருப்புங்கள். மீட்டரில் இஞ்சின் விளக்கு எரிகிறதா? டேங்குக்குள் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி ரீங்காரமிட்டு நிற்கிறதா? இரண்டும் நடந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. நடக்காவிட்டால் பியூஸ், மெயின் ரிலே, கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், வண்டி சாய்ந்தால் இஞ்சினை அணைக்கிற சென்சார் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கில் சுவிட்சைப் பார்க்காமல் வண்டியை ஆட்டோவில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு சங்கமே வைக்கலாம்.

அடுத்து எர்த். பேட்டரி மைனஸில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும் ஈசியு கப்ளரின் எர்த் ஒயரில் மறுமுனையையும் வைத்து, சாவி ஆனில் இருக்கும்போது வோல்ட் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எங்கோ ஒரு போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் தீருகிற வியாதி அது.

இனி, சொன்னால் மெக்கானிக்குக் கோபம் வரக்கூடிய ஒரு விஷயம். சென்சார்களுக்கு ஈசியு 5 வோல்ட் அனுப்பும். அது வரவில்லை என்றதும் “ஈசியு போயிருச்சு” என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சாவியை அணைத்து, அந்த 5 வோல்ட் லைனில் உள்ள சென்சார் கப்ளர் ஒன்றைப் பிடுங்கி, மறுபடி சாவியைப் போட்டு அளந்து பாருங்கள். இல்லையென்றால் அடுத்தது. ஏதோ ஒன்றைப் பிடுங்கியதும் 5 வோல்ட் திரும்பி வந்துவிட்டால் ஷார்ட் ஆனது அந்தச் சென்சார், ஈசியு அல்ல. தீப்பெட்டித் தொழில் படிக்க அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா வரை போன ஊர் இது. மல்டிமீட்டர் பிடிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு ஈசியு கெட்டது உறுதியானால் மாற்றலாம். ஊரில் அச்சான தினசரி காலண்டரைக் கிழித்து ராகுகாலம் பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்ற மறக்கிறவர்கள்கூட இதை மறப்பதில்லை. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவைக் கழற்றி, ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். பிறகு கப்ளரின் லாக்கை அமுக்கி எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுப்பதாக இருந்தால் ஒயரிங் கிட்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை. மழை குறைந்த, காய்ந்த பூமி என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே காலூன்றின. காற்று காயக் காய உடம்பில் நிலைமின்சாரம் ஏறும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். மருந்து அறைக்குள் போகிறவர் செருப்பைக் கழற்றுகிறார், செல்போனை வெளியே வைக்கிறார், பருத்திச் சட்டை போடுகிறார், வாசலில் எர்த் கொடுத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைகிறார். உள்ளே இரும்புக் கருவி கிடையாது. இந்த விதிகளை மீறிய இடங்களில் எத்தனை பேரைப் பறிகொடுத்தோம் என்பது நினைவிருப்பதால், அங்கே யாரும் விளையாடுவதில்லை. அதே ஆள் சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் ஸ்டூலில் தேய்த்து உட்கார்ந்து, ஈசியுவைக் கையில் வாங்கி, அதன் பின்களை விரலால் நெருடிப் பார்க்கிறார். சுள்ளென்று விரலில் உணர்கிற நிலைமின்சாரமே சில ஆயிரம் வோல்ட் இருக்கும். திறந்து கிடக்கும் சிப்பு சாக அதில் ஒரு பங்கு போதும். மூடிய பெட்டிக்குக் கொஞ்சம் தற்காப்பு உண்டுதான். ஆனாலும் இஞ்சின் பிளாக்கை ஒருமுறை தொட்டுவிட்டுப் பெட்டியை எடுப்பதில் என்ன குறைந்துபோகும்?

“மூடியத் திறந்து ஐசி மாத்தித் தாரேன்” என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிடுங்கள். உள்ளே பெரும்பாலும் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். அதைச் சுரண்டுகிறபோதே பாதி உறுப்புகள் கூடவே வந்துவிடும்.

வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள பார்ட் நம்பரை எழுத்து எழுத்தாகச் சரி பாருங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலும் வருஷத்துக்கு ஒன்று, ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று என்று மாறும். கப்ளர் பொருந்துவதால் மட்டும் சம்பந்தம் பொருந்திவிடாது. சென்னை புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும், விலையும் மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் சாவியோடு பூட்டுப் போட்ட ஈசியு என்றால் அது பழைய முதலாளியின் சாவியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். புதிதாக வாங்கினாலும் சில மாடல்களுக்குச் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு ஏற்ற வேண்டிய வேலை இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு பணத்தை எண்ணுங்கள்.

மாட்டியதும் ஆக்சிலேட்டரை முறுக்கித் தெருவுக்கே அறிவிக்க வேண்டாம். சாவியைப் போட்டுச் சில விநாடி விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, இஞ்சின் சூடாகும்வரை ஐடிலில் விடுங்கள். புதியவர் சீட்டுகளைப் படித்துப் பழகட்டும். மாடலுக்கு மாடல் இந்த முறை மாறும் என்பதால் மேனுவலைப் பார்த்துவிடுவது நல்லது. அப்படியே சார்ஜிங் வோல்ட்டையும் அளந்துவிடுங்கள்.

கடைசியாகப் பணம். ஈசியு சில ஆயிரத்தில் தொடங்கி, பெரிய வண்டிகளுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கல்லாவுக்கு மேலே ‘எலக்ட்ரிக்கல் பொருட்கள் விற்றால் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று போர்டு இருக்கும். அதனால் அளக்க வேண்டியதையெல்லாம் கடைக்குப் போவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். கழற்றிய பழைய ஈசியுவையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல ஈசியுவாகவே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.